மூணு ரோஜாக் குழியும் நான் கட்டின தண்ணியும்

என் ரோஜாக்கார அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களான்னு எழுதிட்டு அடிச்சிட்டேன். கூறுகெட்டவ நான். போய்ச் சேர்ந்தவங்ககிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேட்டா என்ன பதில் வரும்? ஆனா வேற எப்படித் தொடங்குறதுன்னும் தெரியலை. பத்து மாசமா உங்க படத்துக்கு விளக்கேத்துறேன், பூ வைக்கிறேன், முகத்தை மட்டும் நிமிர்ந்து பாக்குறதில்லை. இன்னைக்குத்தான் பாத்தேன். பாத்துட்டு நேரா வந்து பேனாவை எடுத்தேன்.

முதல்ல வீட்டுச் சேதி. அண்ணன் இளைச்சுப் போச்சு, ஆனா வேளைக்குச் சாப்பிடுது. கார்த்தி சிங்கப்பூர்லேருந்து ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோவுல வந்துடுறான், அம்மா படத்தைக் காட்டுங்க அத்தைன்னு கேக்குறான். ஆத்துல தண்ணி வந்து எட்டு நாளாச்சு. குறுவைக்கு நாத்து விட்டாச்சு. உங்க வருஷத் திதி ஆவணியில வருது.

இனி விஷயத்துக்கு வரேன். நான் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன் அண்ணி. அதை மறைக்க அண்ணன்கிட்ட ஒரு பொய். ரெண்டும் சேர்ந்து பக்கத்து வீட்டுப் பாக்கியத்தோட நாத்தங்காலைக் காய வச்சுது. அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. உங்களுக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. அதனால எல்லாத்தையும் முதல்லேருந்து சொல்லிடுறேன்.

போன வருஷம் தை மாசம், பொங்கல் முடிஞ்சு பொறந்த வீட்டுக்குப் போன நீங்க பேராவூரணி பஸ்ஸுல நாலு சிமெண்ட் சாக்கு செம்மண்ணோட வந்து இறங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? கண்டக்டர் ஏத்த மாட்டேன்னாராம். "பொறந்த வீட்டுச் சீருங்க தம்பி"ன்னு சொல்லி ஏத்திக்கிட்டு வந்தீங்களாம். சீரு வந்திருக்கு சீருன்னு தெருவே கூடி நின்னு சிரிச்சுச்சு. அதிகமா சிரிச்சது நான்தான். "ஊருக்கே சோறு போடுற மண்ணு இது. இதுல முளைக்காதது பேராவூரணி மண்ணுல முளைச்சிடுமாக்கும்?"னு கேட்டேன்.

நீங்க கோவப்படவே மாட்டீங்க. "எங்க ஊரு மண்ணு கையில எடுத்தா உதிரும். உங்க ஊரு மண்ணு ஒட்டுனா விடாது, உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே"ன்னீங்க. அப்புறம் கொல்லையில முழங்கை ஆழத்துக்கு மூணு குழி எடுத்து, செம்மண்ணும் மக்கின எருவும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து போட்டு, மூணு பன்னீர் ரோஜாக் கன்னு வச்சீங்க. வச்சுட்டு என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. "நெல்லுக்குக் கால் நனைஞ்சா சந்தோஷம் மல்லிகா. ரோஜாவுக்குக் கால் நனைஞ்சா காய்ச்சல்." நான் உதட்டைச் சுழிச்சிட்டுப் போயிட்டேன்.

டீ போட்டா சக்கையைக் கொட்டக் கூடாது, முட்டை உடைச்சா ஓட்டைக் கொட்டக் கூடாது, எல்லாம் ரோஜாவுக்கு. எனக்கு எரிச்சலா வரும். புருஷன் வீட்டுல வாழாம, நாலாம் வருஷமே திரும்பி வந்து உங்க ரெண்டு பேரு தலையில உக்காந்தவ நான். எனக்குத் தனியா ஒரு பீரோ வாங்கிக் கொடுத்தது நீங்க. அப்படிப்பட்டவங்க மேல மூணு செடிக்காக எரிச்சல்பட்டேன்னா என் குணத்தைப் பாருங்க. பங்குனியில முதல் பூ பூத்தப்ப, அதைப் பறிச்சு சாமிக்கு வைக்காம என் தலையில வச்சு விட்டீங்க. நாள் பூரா அந்த வாசம் என் கூடவே சுத்துச்சு. அன்னைக்கோட என் வாய் அடங்கிப் போச்சு.

அப்புறம்தான் உங்களுக்குக் கால் வீங்கினது. முகம் வீங்கினது. கிட்னி ரெண்டும் போச்சுன்னு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ஆனி மாசக் கடைசியில கார்ல ஏறும்போதுகூட நீங்க உங்க உடம்பைப் பத்திப் பேசலை. "மண்ணு காஞ்சிருந்தா மட்டும் ஒரு சொம்பு தண்ணி ஊத்து மல்லிகா. ஒரே சொம்பு"ன்னீங்க. சரி சரின்னு தலையாட்டினேன். அண்ணன் உங்க கூடவே போயி ஆஸ்பத்திரி வராந்தாவுல துண்டை விரிச்சிருச்சு. வீட்டுல நான் ஒருத்திதான்.

பத்து நாள் வெயில் கொளுத்துச்சு அண்ணி. ஒரு நாள் காலையில பாத்தா மூணு செடியும் துவண்டு தொங்குது. நீங்க அங்க படுத்துக் கெடக்குறீங்க, இங்க உங்க செடி வாடுது. அபசகுனமா இருக்கேன்னு பதறிட்டேன். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். வாடினா தண்ணி கட்டு. பாவாடை கட்டுன வயசுலேருந்து அதைத்தானே பாத்திருக்கேன்?

அதுவும் அன்னைக்குத்தான் கொல்லை வாய்க்கால்ல புதுத்தண்ணி நொங்கும் நுரையுமா வந்துச்சு. மம்பட்டியை எடுத்து மூணு செடியையும் சுத்தி வரப்பு போட்டேன். மடையைத் திறந்து விட்டேன். நாத்தங்கால் மாதிரி தண்ணி தளதளன்னு நின்னுச்சு. பாக்க அழகா இருந்துச்சு அண்ணி, அதான் கொடுமை. அண்ணி வந்து பாத்தா அசந்துடுவாங்கன்னு நெனச்சேன்.

நாலாம் நாள் இலை மஞ்சளாச்சு. தண்ணி பத்தலைன்னு மறுபடி கட்டினேன். ஒரு வாரத்துல இலையெல்லாம் கொட்டிப் போச்சு, தண்டு அடியிலேருந்து கறுத்துச்சு. ஒரு செடியைப் புடுங்கிப் பாத்தேன். வேரு அழுகி நாத்தம் அடிச்சுது. களிமண்ணுல தோண்டின குழி ஓட்டையில்லாத தொட்டி மாதிரியாம், உள்ள போன தண்ணி வெளிய போகாதாம். ஒரத்தநாட்டுல நர்சரி வச்சிருக்கவர் இப்பத்தான் போன்ல சொன்னாரு. அங்க நீங்க குடிக்கிற தண்ணியைக்கூட டாக்டர் அளந்து கொடுத்தாரு. இங்க உங்க செடிக்கு நான் அளக்காம ஊத்திக் கொன்னேன்.

அன்னைக்குச் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். நீங்க முதல்ல செடியைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். பஸ் ஸ்டாண்டு வாசல்ல பூக்காரம்மா கூடையில பன்னீர் ரோஜா இருந்துச்சு. பாதி விரிஞ்சதா ஒண்ணு பொறுக்கி எடுத்து, வாழையிலைக் கிழிசல்ல சுத்தி, தண்ணி தெளிச்சுக் கொண்டு வந்தேன். "நம்ம செடியில பூத்துச்சு அண்ணி."

எப்படிச் சிரிச்சீங்க! அதுக்கு முன்னாடி ஒரு வாரமா நீங்க சிரிக்கவே இல்லைன்னு அண்ணன் சொல்லுச்சு. அப்புறம் நான் எப்படி உண்மையைச் சொல்லுவேன்? மறுநாளும் வாங்கினேன். அதுக்கு மறுநாளும். நர்ஸம்மாகிட்ட, பக்கத்துக் கட்டில்காரம்மாகிட்ட எல்லாம் காட்டுவீங்க. "எங்க கொல்லையில பூத்தது. எங்க நாத்தனார் கைராசி அப்படி. நான் வச்சப்பகூட இப்படிப் பூக்கலை." அந்தம்மா என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் ஈன்னு இளிச்சுக்கிட்டு நின்னேன்.

இதோட நின்னிருந்தா உங்ககிட்ட நான் ஒருவேளை தைரியமாப் பேசுவேன். சிரிக்க வைக்கத்தானே பொய் சொன்னேன்னு சாதிச்சிருப்பேன். ஆனா அந்தப் புதன்கிழமை நீங்க ஒண்ணு கேட்டீங்க.

"டாக்டர்கிட்டக் கேட்டேன் மல்லிகா. வெள்ளிக்கிழமை போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடலாம்னு சொல்லிட்டாரு. நம்ம வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன். செடி பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் கொடு, போதும்."

அண்ணன் முகம் மலர்ந்துச்சு. நான் மட்டும், ஐயோ, நான் மட்டும் வேணாம்னேன். ரோடு குண்டும் குழியுமா கெடக்கு, உடம்பு அலுங்கும்னேன். கொல்லை பூரா சேறு, கிருமி ஒட்டிக்கும்னேன். "அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க அண்ணி, எல்லாம் சுத்தம் பண்ணி வைக்கிறேன்"னேன். வீட்டைப் பாத்துக்குறவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அண்ணனும் ஒத்துக்கிச்சு. நீங்க கையில இருந்த ரோஜாவைத் தலைமாட்டுல வச்சீங்க. அப்புறம், "சரி, நீ சொன்னா சரி"ன்னீங்க. அந்த ஒரு வாரத்துக்குள்ள வேற மூணு செடி வாங்கி நட்டுடலாம்கிறதுதான் என் கணக்கு.

செவ்வாக்கிழமை நீங்க போயிட்டீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே.

உங்களைக் கூடத்துல படுக்க வச்சிருந்தப்ப, மஞ்சள் பூசி, உங்க தம்பி கொண்டு வந்த கோடிப் புடவை சாத்தி முடிச்சதும், அண்ணன் என்னைக் கூப்பிட்டுச்சு. "மல்லிகா, அவ செடியில பூ இருக்கும்ல? பறிச்சிட்டு வா. கடைப் பூ வேணாம்." அத்தனை சனமும் என்னையே பாக்குது. கொல்லையில மூணு கறுத்த குச்சிதான் நிக்குது. என் வாயில எங்கேருந்துதான் வந்துச்சோ, "பாக்கியத்தோட ஆடு வந்து மேஞ்சிருச்சுண்ணே"ன்னுட்டேன்.

பாக்கியம் அப்ப உங்க காலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா. விருட்டுன்னு நிமிர்ந்தா. "என் ஆடு கட்டுத்தறியில கட்டிக் கெடக்குக்கா, வேணும்னா வந்து பாருங்க"ன்னா. அண்ணன் கேக்குற நிலைமையில இல்லை. பத்து நாள் தூங்காத மனுஷன். "எந்திரிச்சு வெளிய போடி"ன்னு கத்துச்சு. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா. நான் பாத்துக்கிட்டு நின்னேன் அண்ணி. ஒரு வார்த்தை பேசலை.

பாக்கியத்தோட குத்தகை நிலம் நம்ம வயலுக்குக் கீழதானே இருக்கு. நம்ம வரப்பு மடை வழியாத்தான் அவளுக்குத் தண்ணி போகணும், வேற பாதை கிடையாது. அந்த மடையை அண்ணன் மண்ணு போட்டு அடைச்சிருச்சு. சம்பாவுக்கு மழை பேஞ்சு அவளைக் காப்பாத்துச்சு. இந்தக் குறுவைக்கு மழையும் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணி வந்து அவ நாத்தங்கால் மட்டும் வெடிச்சுக் கெடந்துச்சு. பெரிய மனுஷங்க ரெண்டு பேரு வந்து பேசினாங்க. "என் பொண்டாட்டிக்குப் பூ வைக்க விடாதவளுக்கு என் வரப்பு வழியா ஒரு சொட்டு போகாது"ன்னு அண்ணன் சொல்லிடுச்சு.

போன வாரம் அண்ணன் ஒரத்தநாடு போயிட்டு வண்டியில மூணு பன்னீர் ரோஜாக் கன்னோட வந்துச்சு. நேரா என்கிட்ட கொடுத்துச்சு. "அவ திதிக்குள்ள பூத்துடணும். நீயே வை மல்லிகா. கடைசி வரைக்கும் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்துச்சுன்னா அது உன் கையால பூத்த பூதான்"னு சொல்லிட்டு, கண்ணு கலங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. கறுப்புப் பையில இருந்த அந்தக் கன்னுங்களை வாங்கிக்கிட்டேன்.

குழாயடி நிழல்ல அதுகளை வச்சுட்டு நிமிர்றேன், பாக்கியம் போறா. கோயில் கைபம்புல தண்ணி அடிச்சு, இடுப்புல ஒரு குடம், தலையில ஒரு குடம். நாத்தங்காலுக்குக் குடத்துல தண்ணி ஊத்துறா அண்ணி! ஆத்துல தண்ணி ஓடுற ஆனி மாசத்துல! ஊத்துறது வெடிப்புல போயி மறையுது, மறுபடி நடக்குறா. "பாக்கியம்"னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கலை.

அதுக்கு மேல எனக்கு நிக்க முடியலை. வயலுக்கு ஓடினேன். அண்ணன் வரப்பு வெட்டிக்கிட்டிருந்துச்சு.

"அண்ணே, அந்த மடையைத் திறந்து விடு. பாக்கியத்தோட ஆடு மேயலை. நான்தான் தண்ணி கட்டி அழுக வச்சேன்."

அண்ணன் மம்பட்டியை ஊனிக்கிட்டு என்னைப் பாத்துச்சு. "உனக்கு இளகின மனசுதான், அதுக்காக அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பொய் சொல்லாத"ன்னுச்சு. அதைக் கேளுங்க. பத்து மாசம் பொய் சொன்னப்ப நம்பின மனுஷன், உண்மையைச் சொன்னா பொய்யிங்குது.

"சத்தியமாண்ணே. அண்ணிக்குக் கொண்டாந்த பூவெல்லாம் பஸ் ஸ்டாண்டு பூ. அவங்க ஆஸ்பத்திரி போயி மூணே வாரத்துல செடி செத்துப் போச்சு."

அண்ணன் மடைக்குப் போயி, மம்பட்டியைக்கூட எடுக்காம, கையாலயே அந்த மண்ணை வாரி வாரி அந்தப் பக்கம் போட்டுச்சு. தண்ணி சலசலன்னு இறங்கி ஓடுச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்துட்டு, என் பக்கம் திரும்பாமயே கேட்டுச்சு.

"அவ வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரணும்னு கேட்டா. டாக்டரும் சரின்னாரு. நீதான் வேணாம்ன. இதுக்குத்தானா?"

நான் அதைச் சொல்லலை அண்ணி. சொல்ற தைரியமே எனக்கு இல்லை. அண்ணனே கண்டுபிடிச்சிருச்சு.

"ஆமாண்ணே"ன்னேன்.

வரப்புல அப்படியே உக்காந்துருச்சு. சேத்துக் கையால முகத்தை மூடிக்கிச்சு. "ரெண்டு நாள் நம்ம வீட்டுல படுத்திருப்பாளேடி"ன்னுச்சு. என்னை டி போட்டுக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். அடிச்சிருந்தாகூட வாங்கியிருப்பேன். அந்த அழுகையைத்தான் என்னால வாங்க முடியலை.

மூணு நாள் பேச்சே கிடையாது. சோறு போட்டா சாப்பிடும், எந்திரிச்சுப் போகும். நான் பாக்கியம் வீட்டு வாசலுக்குப் போனேன், மன்னிச்சுக்கன்னு சொல்லத்தான். அவ நாத்தைப் பத்திப் பேசலை, தண்ணியைப் பத்திப் பேசலை. "அக்கா, எத்தனை வருஷப் பழக்கம் எனக்கும் அந்தம்மாவுக்கும்! என்னை முழுசா அழக்கூட விடலையே நீங்க"ன்னா. திதிக்கு வருவியான்னு கேட்டேன். "அழைச்சா வருவேன். உங்க அண்ணன் வந்து அழைக்கணும்"னா. நியாயம்தானே? அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன். சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை.

நேத்து காலையில கொல்லையில சத்தம் கேட்டுப் போனேன். அண்ணன் செங்கல்லை அடுக்கி, ஆத்துமணலும் எருவும் கலந்து, இடுப்புயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா மேடை மாதிரி ஒரு பாத்தி கட்டிக்கிட்டிருக்கு. கன்னு வாங்கினப்ப நர்சரிக்காரர் சொன்ன வழி. "செடியைக் கொண்டா"ன்னுச்சு. மூணு நாளுக்கப்புறம் அதுதான் முதல் பேச்சு. கொண்டு போனேன். "நான் வைக்கலைண்ணே, எனக்குக் கைராசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது"ன்னேன். "உன்னை யாரு வைக்கச் சொன்னா? சாயாம புடிச்சுக்க"ன்னுச்சு. நான் புடிச்சுக்கிட்டேன், அண்ணன் மண்ணு தள்ளி அமுக்கிச்சு. மூணுக்கும் அப்படித்தான். முள்ளு குத்தி என் விரல்ல ரத்தம் வந்துச்சு, விடலை. தண்ணியையும் அண்ணன்தான் ஊத்துச்சு.

செடி புடிச்சுக்குமா, திதிக்குள்ள மொட்டு வைக்குமா, எனக்குத் தெரியாது. அண்ணனும் நானும் பழையபடி பேசிச் சிரிப்போமான்னும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் உங்ககிட்டக் கேக்கத் தோணுது. அந்தப் புதன்கிழமை "நீ சொன்னா சரி"ன்னீங்களே, என்னை நம்பிச் சொன்னீங்களா அண்ணி? இல்லை, நாத்தனார் வேணாங்குறாளே, அந்த வீட்டுல நமக்கு இடமில்லை போலன்னு நெனச்சுக்கிட்டு போயிட்டீங்களா? அப்படி மட்டும் நெனச்சிருக்காதீங்க. அதை நெனச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

மன்னிச்சிடுங்கன்னு எழுத மாட்டேன். நீங்க உடனே மன்னிச்சிடுவீங்க, அது எனக்கு வேணாம். ஒரு சத்தியம் மட்டும் பண்றேன். இனிமே நம்ம ஆளுங்கள்ல யாரு எங்க படுத்துக்கிட்டு வீட்டுக்குப் போகணும்னு கேட்டாலும், அண்ணனா இருந்தாலும் சரி, பாக்கியமா இருந்தாலும் சரி, வீடு எந்தக் கோலத்துல கெடந்தாலும், என் மானம் போனாலும், அன்னைக்கே வண்டி வச்சுக் கூட்டிக்கிட்டு வந்துடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமைன்னு ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வராது.

இப்படிக்கு,
வீட்டுக்கு வரேன்னு கேட்டவங்களை வரவிடாத
உங்க நாத்தனார்,
மல்லிகா